முதல் மலை எது? லெடாங், சிவனொளிபாதமலை, கினபாலு, ரிஞ்சானி: சிங்கப்பூரிலிருந்து கிளம்புவோருக்கு ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் மிக உயரமான இடம் புக்கித் தீமா, 163.63 மீட்டர். ஞாயிறு காலையில் அதில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டுக் கோப்பிக் கடையில் உட்காரும்போது, குழுவில் ஒருவர் "அடுத்து கினபாலு போயிடலாமா?" என்று ஆரம்பிப்பார். இன்னொருவர் ரிஞ்சானி ஏரிப் படத்தை வாட்ஸ்அப்பில் போடுவார். மூன்றாமவருக்கு அவ்வளவு லீவு இல்லை. லெடாங் போதும் என்பார். ஊரில் பாட்டி செருப்பில்லாமல் சிவனொளிபாதமலை ஏறிய கதையை நான்காமவர் எடுப்பார். பேச்சு உயரத்தில் தொடங்கி விமான டிக்கெட் விலையில் முடியும்.

தேர்வு இந்த இரண்டையும் வைத்து நடக்கக் கூடாது. ஒரே நாளில் எத்தனை மீட்டர் இறங்க வேண்டியிருக்கிறது, இரவு எந்த உயரத்தில் படுக்கிறீர்கள், உங்கள் லீவு எந்த மாதத்தில் விழுகிறது என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை. ஏறுவதற்கு மூச்சு வேண்டும். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம். இறங்குவதற்குத் தொடையும் முட்டியும் வேண்டும். அவை பாதி வழியில் கைவிட்டால் நின்று பயனில்லை, மீதி வழியையும் அதே காலால்தான் இறங்கியாக வேண்டும்.

முதலில் எண்கள். லெடாங் 1,276 மீட்டர், ஜொகூரின் மிக உயரமான மலை. ஒரே பகலில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, அதையே இறங்க வேண்டும். இலங்கையின் சிவனொளிபாதமலை 2,243 மீட்டர். அடிவார ஊரான நல்லதண்ணிப் பக்கமிருந்து ஏற்றமும் இறக்கமும் சுமார் ஆயிரம் ஆயிரம். மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு 4,095 மீட்டர். முதல் நாள் 1,400 மீட்டர் ஏற்றம், மறுநாள் விடியுமுன் இன்னும் 820 மீட்டர் ஏறி, அன்றே 2,200 மீட்டருக்கு மேல் இறக்கம். இந்தோனேசியாவின் ரிஞ்சானி 3,726 மீட்டர். கினபாலுவைவிடக் குள்ளம்தான், ஆனால் மூன்று நாள் வழியில் மொத்த ஏற்றமும் இறக்கமும் அதைவிடக் கணிசமாக அதிகம். உயரத்தைப் பார்த்து "கினபாலு கடினம், ரிஞ்சானி கொஞ்சம் சுலபம்" என்று முடிவெடுப்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

லெடாங்: லீவே எடுக்காமல் போகலாம், ஆனால் லேசானதல்ல

ஜொகூர் கடற்பாலத்தில் நெரிசல் இல்லாத நாளில் மூன்று மணி நேரத்தை ஒட்டிய கார்ப் பயணம். தங்காக் பக்கம் சாகிலில் இரவு தங்கிவிட்டுக் காலையில் ஏறுவது நல்லது. நள்ளிரவில் உட்லண்ட்ஸில் கிளம்பி, தூக்கமில்லாமல் போய் ஏறி, அன்றே காரோட்டித் திரும்பும் திட்டத்தில் உண்மையான ஆபத்து மலையில் இல்லை, திரும்பி வரும் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது.

பெர்மிட் வேண்டும், வழிகாட்டி வேண்டும். இரண்டையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். அடிவாரத்தில் பையிலுள்ள பிளாஸ்டிக் பொருள்களை எண்ணி எழுதிக்கொண்டு, இறங்கி வந்ததும் சரிபார்ப்பது இம்மாதிரிக் காடுகளில் வழக்கம். ஆகவே சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டாமல் ஒரே டப்பாவில் சாப்பாட்டை அடக்குங்கள். பாதையில் வேர்களும் சேறும் வழுக்குப் பாறைகளும்தான் அதிகம். மேலே போகப் போகக் கயிறும் இரும்பு ஏணிகளும் வரும். கையும் காலும் சேர்ந்து வேலை செய்யும் பகுதி அது. ஊன்றுகோலை மடக்கிப் பைக்குள் வைத்துவிட வேண்டும்.

இங்கே குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, வெப்பம்தான் ஆளைச் சாய்க்கும். காட்டுக்குள் காற்று அசையாது, வியர்வை உலராது, உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ஒருவருக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கணக்கு. வெறும் தண்ணீரையே மூன்று லிட்டர் குடித்துக்கொண்டிருந்தாலும் தலை சுற்றும், வாந்தி வரும், ஏனென்றால் உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கிறது. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு, கூடவே முறுக்கு, மிக்சர், கடலை மிட்டாய். கடையில் விற்கும் எனர்ஜி பார் எதற்கும் இவை இளைத்தவை அல்ல; வெயிலில் சாக்லேட் மாதிரி உருகவும் செய்யாது. புளியோதரை மதியம் வரை கெடாது. தயிர்சாதம் வேண்டாம்.

அட்டை இருக்கும். காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்க்காமல், வாய்ப்பக்கமாக நகத்தை வைத்து ஒதுக்கித் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் சற்று நேரம் நிற்காமல் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்கிவிடும் வகையில் விடியற்காலையிலேயே ஏறத் தொடங்க வேண்டும். பாறையும் வேரும் நனைந்தால் இறக்கத்துக்கு ஏற்றத்தைவிட அதிக நேரம் பிடிக்கும்.

மலாக்கா சுல்தான் பெண் கேட்டபோது ஏழு நிபந்தனை போட்ட இளவரசியின் மலை இது. உச்சிக்கு முந்தைய அந்த ஏணிகளில் நிற்கும்போது நிபந்தனைகள் இன்னும் தளரவில்லை என்று தோன்றும். இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854இல் இங்கே வந்தபோது இதற்கு ஓஃபிர் மலை என்று பெயர்.

யாருக்கு லெடாங்? கினபாலுவோ ரிஞ்சானியோ ஏற்கெனவே பதிவு செய்துவிட்டு, தன் கால் தாங்குமா என்று பார்க்க விரும்புபவருக்கு. ஏணியும் கயிறும் இருப்பதால் சின்னப் பிள்ளைகளோடு குடும்பமாகப் போகவேண்டிய மலை இதுவல்ல. குடும்பத்துக்குக் குளுவாங்கிலுள்ள லம்பாக் மலை போதும், 510 மீட்டர்.

சிவனொளிபாதமலை: பெர்மிட் இல்லை, ஆனால் நாள்காட்டி உண்டு

நான்கிலும் தமிழில் பேசிக்கொண்டே ஏறக்கூடிய மலை இது ஒன்றுதான். கொழும்புக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். அங்கிருந்து ரயிலிலோ வேனிலோ ஹட்டன். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாகத் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நல்லதண்ணி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பருவக் காலத்தில் வழி நெடுக விளக்கு, தேநீர்க் கடை, ரொட்டி, வடை. எல்லா வயதுப் பக்தர்களும் ஏறுவார்கள். நடு இரவில் கிளம்பினால் மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சி. சூரியன் எழும்போது மலையின் நிழல் எதிர்ப்பக்க மூட்டத்தின்மேல் முக்கோணமாக விழும்.

பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிகிறது. அதற்கு வெளியே தென்மேற்குப் பருவமழை. விளக்கும் இராது, கடையும் இராது. ஆகவே ஜூன் பள்ளி விடுமுறைக்கு இந்த மலையைத் திட்டமிடாதீர்கள். பருவத்துக்குள்ளும் பௌர்ணமி நாள்களையும் வார இறுதிகளையும் தவிர்த்துவிடுங்கள். கடைசி நூறு நூற்றைம்பது படிகளில் கூட்டம் அடைத்து நின்றுவிட்டால், வியர்த்த உடம்போடு காற்றில் மணிக்கணக்கில் நிற்க நேரும். விடியலையும் வரிசையில் நின்றபடியேதான் பார்க்க முடியும்.

பலரும் சீக்கிரமே ஏறிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இரவு ஒரு மணிக்குக் கிளம்பி நாலுக்கு மேலே போய்ச் சேர்ந்தால், விடியும்வரை அந்தக் காற்றில் என்ன செய்வது? கடைசித் தேநீர்க் கடையில் நேரத்தைக் கடத்திவிட்டு, ஈரச் சட்டையை மாற்றிக்கொண்டு மேலேறுங்கள். உச்சியில் புனிதப் பாதச்சுவடு இருக்கும் தளத்தில் காலணியைக் கழற்ற வேண்டும். வெறுங்காலுக்கு அந்தத் தரை சில்லென்று ஏறும். கனமான உலர்ந்த காலுறை ஒரு ஜோடியைப் பையின் மேலாகவே வையுங்கள்.

இறக்கத்தில் எல்லாமே படி. சமச்சீரற்ற, சில இடங்களில் முழங்கால் உயரப் படி. ஆயிரம் மீட்டரைப் படியில் இறங்கிய மறுநாள் கண்டி ரயில் நிலையத்தில் பக்கவாட்டில் நண்டு நடை நடக்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

உயரம் ஒத்துக்கொள்ளாத தொல்லை பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் இங்கே அந்தக் கவலை குறைவு. வழிகாட்டி கட்டாயமில்லை. முடியவில்லை என்றால் எந்தப் படியிலும் உட்கார்ந்து திரும்பிவிடலாம். முதல் மலையாக, அதுவும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களோடு போவதென்றால், எங்கள் முதல் தேர்வு இதுதான்.

கினபாலு: காசைக் கட்டுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கினபாலுவில் மலைக்கு முன் படுக்கையைப் பிடிக்க வேண்டும். பானலாபானில், 3,272 மீட்டரில், விடுதிப் படுக்கை கிடைத்தால்தான் ஏறவே முடியும். பெர்மிட், வழிகாட்டி, காப்புறுதி எல்லாம் அதோடு சேர்த்துக் கணக்கிடப்படும். படுக்கைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். எனவே படுக்கை உறுதியான பிறகே விமான டிக்கெட். மலிவு விற்பனையில் முதலில் விமான டிக்கெட்டை வாங்கிவிட்டு, பிறகு படுக்கை தேடி, இல்லாமல் போர்னியோ கடற்கரையைச் சுற்றிப் பார்த்துத் திரும்பும் குழுக்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

திம்போஹோன் வாசல் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து விடுதிக்கு 6 கிலோமீட்டர், நல்ல நடையில் நான்கு முதல் ஆறு மணி நேரம். வழி நெடுக நிழற்குடில்களில் கழிப்பறையும் சுத்திகரிக்காத மலைத் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. ஆகவே மூன்று லிட்டரைச் சுமக்க வேண்டியதில்லை. ஒன்றரை லிட்டர் எடுத்துக்கொண்டு, சுத்திகரிப்பு மாத்திரை போட்டு நிரப்பிக்கொண்டே போகலாம். மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரமாவது ஆகும். பாட்டில் காலியான பிறகு நிரப்பாமல், பாதியிலேயே இரண்டாவது பாட்டிலை நிரப்புங்கள்.

மறுநாள் அதிகாலை இரண்டு, இரண்டரைக்கு விளக்குக் கட்டிக்கொண்டு கிளம்பினால், மரப்படிகள் முடிந்ததும் வெறும் கருங்கல். கல்மேல் வெள்ளைக் கயிறு ஓடும். அதைப் பிடித்துக்கொண்டு சாயாட் சாயாட் சோதனைச் சாவடி, 3,668 மீட்டர். அங்கே கழுத்து அட்டையைக் காட்ட வேண்டும். மழை பெய்தால் அந்தக் கல்முகம் முழுக்க அருவியாக ஓடும், வழிகாட்டிகள் மேலே விடமாட்டார்கள். காசு திரும்பாது. வாதாடிப் பயனில்லை, வாதாடவும் கூடாது.

மேலே எவ்வளவு குளிரும்? ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கடலோரம் 26 டிகிரி என்றால் உச்சியில் ஒன்றிரண்டு டிகிரி. காற்றும் அடித்தால் உடம்புக்கு அது பூஜ்ஜியத்துக்குக் கீழ். சில இரவுகளில் பாறைமேல் பனிக்கட்டி படியும். சிங்கப்பூரில் குளிரென்றால் நமக்குத் தெரிந்தது அலுவலக ஏர்கான்தான், அதனால் எல்லாரும் ஒரே தடித்த ஜாக்கெட்டை வாங்கி வருகிறார்கள். ஏறும்போது அதில் வியர்த்து நனைந்து, நின்றதும் அந்த ஈரமே விறைக்க வைக்கும். மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது: உள்ளே செயற்கை இழைச் சட்டை, நடுவில் கம்பளிச் சட்டை, வெளியே காற்றும் மழையும் புகாத மேலங்கி. உள்ளே பருத்திப் பனியன் கூடவே கூடாது. விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பத்து நிமிடத்துக்குள் ஈரத்துணி அத்தனையையும் மாற்றிவிடுங்கள். பிறகு தேநீர் குடிக்கலாம்.

குளிரைவிடச் சிக்கலானது உயரம். உச்சியில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேற்ற மருத்துவத்தின் பொது விதி. கினபாலுவின் வழக்கமான இரண்டு நாள் திட்டம் அதைக் கண்டுகொள்வதே இல்லை: கோத்தா கினபாலுவில் கடலோரம் தூங்கியவர் மறுநாள் இரவு 3,272 மீட்டரில் தூங்க முயல்கிறார். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவதில் வியப்பென்ன? இதற்குச் செலவில்லாத பாதி மருந்து ஒன்று உண்டு. ஏறுவதற்கு முந்தைய இரவைப் பூங்காத் தலைமையகத்தில் கழியுங்கள். அது 1,563 மீட்டரில் இருக்கிறது, நகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். காலையில் வாசலுக்கு முதல் ஆளாகப் போய்விடலாம் என்பது கூடுதல் லாபம்.

உயரம் ஒத்துக்கொள்ளாத தொல்லையைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும்; விரல் நுனி குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும்; சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வலி மாத்திரையால் தலைவலியை அமுக்கிக்கொண்டு மேலே போவது வேறு, தலைவலி தீர்ந்து மேலே போவது வேறு. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு முட்டினாலோ, பேச்சு குழறினாலோ உடனே இறங்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தேசிய சேவையில் 2.4 கிலோமீட்டரை ஒன்பது நிமிடத்தில் ஓடியவரையும் உயரம் விட்டுவைக்காது. வேகமாக ஏறுவதால் அவருக்கே அது முதலில் வருவதும் உண்டு.

2015 ஜூன் 5 நிலநடுக்கத்தில் இந்த மலையில் 18 பேர் இறந்தார்கள். தஞ்சோங் காத்தோங் தொடக்கப்பள்ளி மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்களுள் அடக்கம். அதன் பிறகு மேற்பகுதிப் பாதைகள் மாற்றி அமைக்கப்பட்டன. நிலநடுக்கத்துக்குத் தனியாக யாரும் தயாராக முடியாது. ஆனால் வழிகாட்டி நில் என்றால் நிற்பதும், காப்புறுதிப் பத்திரத்தில் மலையேற்றத்துக்கு உயர வரம்பு போட்டிருக்கிறார்களா என்று வாங்குமுன் படிப்பதும் நம் கையில் இருக்கின்றன.

இரும்புக் கம்பியில் மாட்டிக்கொண்டு பாறையோரம் நடக்கும் வியா ஃபெராட்டாவை முதல் தடவைக்குச் சேர்க்காதீர்கள். அழகானதுதான். ஆனால் 2,200 மீட்டர் இறங்க வேண்டிய அதே நாளில் இன்னும் பல மணி நேரத்தைத் தின்கிறது. களைத்த காலோடு கடைசி இரண்டு கிலோமீட்டரை இருட்டில் இறங்க நேரும்.

ரிஞ்சானி: அடுத்த ஆண்டுக்கு வையுங்கள்

லொம்போக் தீவின் எரிமலை. உள்ளே செகாரா அனாக் ஏரி, பார்க்கத் தெவிட்டாது. படங்களில் தெரியாதது மண். செம்பலூனிலிருந்து முதல் நாள் சுமார் 1,500 மீட்டர் ஏறி, 2,639 மீட்டரிலுள்ள எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் கூடாரம். அதிகாலையில் உச்சிக்குப் போகும் கடைசிப் பகுதி முழுக்க எரிமலைச் சரளை: இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கிக் கீழே வரும். உச்சியிலிருந்து திரும்பி, அன்றே ஏரி வரை இறங்கி, மூன்றாம் நாள் எதிர் விளிம்புக்கு ஏறி, செனாரு பக்கம் சுமார் 2,000 மீட்டர் இறங்குவது முழு வழி. இரண்டு நாளும் தொடர்ந்து இறக்கம். கினபாலுவில் ஒரு நாள் வலிக்கும் முட்டி இங்கே முதல் நாள் வலியை வைத்துக்கொண்டே இரண்டாம் நாளும் இறங்க வேண்டும்.

விடுதி கிடையாது. கூடாரமும் சமையலும் சுமைதூக்கிகள் கையில். பதிவு செய்யும்போதே படுக்கைப்பையின் நிலை, கழிப்பறைக் கூடாரம், ஒரு சுமைதூக்கிக்கு எத்தனை பயணிகள், குப்பையைத் திரும்பக் கொண்டுவருவார்களா என்று கேளுங்கள். மிக மலிவான விலை சொல்லும் ஏற்பாட்டாளர் எங்கோ குறைத்திருக்கிறார். அது பெரும்பாலும் சுமைதூக்கியின் கூலியும் உங்கள் போர்வையும்தான். சைவம் என்றால் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தெம்பே, தவு, காய்கறி என்று சாப்பாடு நன்றாகவே வரும். சொல்லாவிட்டால் கோழிக் குழம்பிலிருந்து கோழியை மட்டும் எடுத்துவிட்டுத் தருவார்கள்.

மழைக் காலத்தில், பொதுவாக ஜனவரியிலிருந்து மார்ச் வரை, மலை மூடியிருக்கும். 2018 ஜூலை 29 நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் மேலே சிக்கிக்கொண்டார்கள். 2025 ஜூனில் உச்சி வழியில் சரிவில் விழுந்த ஒரு வெளிநாட்டுப் பயணியை மீட்புக் குழு நெருங்கவே நாள்கணக்கானது. அதற்குள் அவர் இறந்துவிட்டார். கினபாலுவில் கயிறும் சாவடியும் விடுதியும் இருக்கின்றன. இங்கே தவறுக்கு அந்த இடைவெளி இல்லை. ஒரு முறையாவது 3,000 மீட்டருக்கு மேல் தூங்கி, தன் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று அறிந்தவர்களுக்கே இந்த மலை.

லீவு எந்த மாதம்?

சீனப் புத்தாண்டு நீண்ட வார இறுதி என்றால் சிவனொளிபாதமலை, அல்லது மழை குறையத் தொடங்கும் கினபாலு. கடற்பாலம் அடைத்துக்கொள்ளும் என்பதால் லெடாங் அன்று வேண்டாம். மார்ச் பள்ளி விடுமுறைக்கும் அதே விடை. ஜூன், செப்டம்பர் விடுமுறைகளுக்கு ரிஞ்சானியின் வறண்ட காலம் பொருந்தும், லெடாங்கும் நல்லது. தீபாவளியை ஒட்டிய வாரங்களும் டிசம்பர் விடுமுறையும்தான் சங்கடமானவை. வடகிழக்குப் பருவமழை ஜொகூரை நனைக்கும், கினபாலுவிலும் மழை அதிகம். டிசம்பர் பௌர்ணமிக்குப் பிறகு என்றால் இலங்கை பக்கம் பார்க்கலாம்.

பயிற்சி: லிஃப்டில் இறங்காதீர்கள்

மெக்ரிச்சி, தெற்கு மலைமுகடு, பழைய ரயில் பாதை நடைவழி எல்லாம் நீண்ட நடைக்குச் சரி. ஏற்ற இறக்கத்துக்கு நம்மிடம் இருக்கும் உண்மையான மலை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்தான். ஒரு மாடி சுமார் 2.8 மீட்டர் என்று வைத்தால் 25 மாடி புளோக் கிட்டத்தட்ட 67 மீட்டர். கினபாலுவின் முதல் நாள் ஏற்றம் அதில் 21 முறை. இரண்டாம் நாள் இறக்கம் 33 முறை.

ஊரில் நடப்பது என்ன? படியில் மூச்சிரைக்க ஏறிவிட்டு, "முட்டிக்கு நல்லதல்ல" என்று லிஃப்டில் இறங்குகிறார்கள். பத்து வாரம் இப்படிச் செய்தவருக்கு நல்ல நுரையீரலும் பழகாத தொடையும் கிடைக்கும். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பளுவைத் தாங்குகிறது. பழகாத தசையில் அதுதான் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்கி, ஒன்றிரண்டு நாள் கழித்து வலியை உச்சத்துக்குக் கொண்டுபோகிறது. நல்ல செய்தி என்னவென்றால், ஒரு முறை அப்படி வலித்துத் தேறிய தசைக்குச் சில வாரங்களுக்குப் பாதுகாப்பு தங்கியிருக்கும். ஆகவே பெரிய மலைக்கு மூன்று நான்கு வாரம் முன்பு லம்பாக்கோ லெடாங்கோ போய்க் காலை வலிக்க வைத்துவிட்டு வருவது வீண் உல்லாசம் அல்ல. ஏற்கெனவே முட்டி வலி உள்ளவர்கள் மட்டும் இதைத் தொடங்குமுன் உடலியக்க மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வாரம் இரண்டு நாள் படி, ஒரு நாள் நீண்ட நடை. 25 மாடி புளோக்கில் முதல் வாரம் மூன்று சுற்று, ஏறுவதும் இறங்குவதும் காலால். வாரம் ஒரு சுற்றுக் கூட்டுங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து பையில் மூன்று ஒன்றரை லிட்டர் பாட்டில். பத்துச் சுற்று வலியில்லாமல் முடிந்தால் கினபாலுவுக்கு நீங்கள் தயார். கிளம்பும் வாரம் ஓய்வு. கடைசி வாரத்தில் கூடுதலாக ஏறித் தீர்த்துவிடலாம் என்பவர்கள் களைத்த காலோடுதான் விமானம் ஏறுவார்கள். அண்டை வீட்டார் தூங்கும் நேரத்தில் படியில் தடதடக்காதீர்கள், புகார் போகும்.

காலணி

நான்கு மலைகளுக்கும் பொதுவாகப் பழுதாவது காலணிதான், அதிலும் சிங்கப்பூர்க்காரர்களுடையது. மலைக் காலணிகள் பலவற்றின் நடு அட்டை, அதாவது அடிப்பாகத்தின் மெத்தை அடுக்கு, பாலியூரித்தேன். ஈரக் காற்று அதன் பிணைப்புகளை மெல்ல உடைக்கும். வாசல் பக்க அலமாரியில் மூன்று நான்கு ஆண்டு மூடிக் கிடந்த காலணி வெளியே புத்தம் புதிதாகவே தெரியும். மலையில் இரண்டு மணி நேரம் நடந்த பிறகு குதிகால் பக்கம் அட்டை பிளந்து, முதலை வாய் மாதிரி திறந்துகொள்ளும். கிளம்ப ஒரு மாதம் முன்பே எடுத்து, அட்டையின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்துங்கள். பிஸ்கட் போலப் பொடிந்தால் குப்பைத் தொட்டி. பொடியாவிட்டால் அதையே போட்டுக்கொண்டு புளோக் படியில் நான்கு வாரம் ஏறுங்கள். பையில் அகலமான ஒட்டுநாடாவும் பிளாஸ்டிக் கட்டுவார் நான்கும் எப்போதும் இருக்கட்டும்.

சபா சுமைதூக்கிகள் காலில் பார்ப்பது கம்போங் அடிடாஸ் எனப்படும் ரப்பர் செருப்பு-ஷூ. ஒரே வார்ப்பில் செய்தது, பிரிந்துபோக ஒட்டு கிடையாது, நனைந்த பாறையில் பிடிப்பு நன்று, விலையும் சில வெள்ளிதான். மெத்தை கிடையாது என்பதால் நம் கால் முழு நாளுக்குத் தாங்காது. ஆனால் லெடாங் சேற்றுக்கு, ஓர் அளவு பெரிதாக வாங்கி இரண்டு காலுறையோடு போட்டால், பல விலையுயர்ந்த காலணிகளைவிட மேல்.

எந்தக் காலணியானாலும் இறக்கத்தில் கால்விரல் முன்பக்கம் இடிக்கக் கூடாது. கிளம்ப மூன்று நாள் முன்பு நகத்தை ஒட்ட வெட்டுங்கள். இறங்கத் தொடங்குமுன் உட்கார்ந்து, குதியைப் பின்னால் தள்ளி, கணுக்கால் வளைவில் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இதைச் செய்யாதவர்களுக்குக் கட்டைவிரல் நகம் கறுத்து, சில வாரத்தில் உதிரும். ஊன்றுகோலை இறக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். அடி சின்னதாக, முட்டி லேசாக மடங்கியபடி வைக்க வேண்டும்.

மற்றவை சுருக்கமாக. தலையில் கட்டும் விளக்கு, புது பேட்டரி, மாற்று பேட்டரி. குளிரில் பேட்டரி சீக்கிரம் படுக்கும், சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கினபாலுக் கயிற்றுக்கு உள்ளங்கையில் ரப்பர் பிடிப்புள்ள கையுறை வேண்டும். கம்பளிக் கையுறை நனைந்தால் வழுக்கும். ரிஞ்சானிக்கு மூக்கை மூடும் துணியும் காலணிக்குள் சரளை புகாமல் கணுக்காலை மூடும் உறையும். பைக்குள் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். வெளியே மாட்டும் மழை உறை முதுகுப் பக்கம் நனைவதைத் தடுக்காது.

நுழைவு விவரங்களைக் கடப்பிதழுக்கு ஏற்பப் பாருங்கள். குழுவில் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர்களும் இந்தியக் கடப்பிதழில் வேலை அனுமதியோடு இருப்பவர்களும் கலந்திருந்தால் ஒரே நாட்டுக்கு இருவருக்கும் வெவ்வேறு விதி. விசா, மின்-அனுமதி, வருகை அட்டை எல்லாவற்றையும் தனித்தனியே சரிபார்க்க வேண்டும். சபாவுக்குள் நுழையத் தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு.

திரும்பும் டிக்கெட்டையும் கவனியுங்கள். கினபாலுவிலிருந்து திம்போஹோன் வாசலுக்கு வந்து சேர மதியம் தாண்டிவிடும், மெதுவாக இறங்குபவருக்கு மாலையாகும். பிறகு நகருக்கு இரண்டு மணி நேரம். அன்றிரவு விமானம் போடாதீர்கள். பூங்காவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளிப் போரிங் வெந்நீர் ஊற்று இருக்கிறது. சனிக்கிழமை இறங்கி, அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு ஞாயிறு பறந்தால், திங்கட்கிழமைக்கும் சேர்த்து லீவு எழுதிக்கொடுங்கள். தொடை வலி உச்சத்துக்கு வருவது அன்றைக்குத்தான்.